காவிரி சுமந்த இரும்பு: பரங்கிப்பேட்டை இரும்பாலையின் வரலாறு

தஞ்சை மாநகரின் கீழவாசலுக்கு அருகே, பழைய கோட்டையின் எச்சமாக உயர்ந்து நிற்கும் மேடையொன்றைப் பீரங்கி மேடு என்று மக்கள் வழங்குகின்றனர். அதன்மேல் கிடக்கும் இரும்புப் பீரங்கி ஏறக்குறைய ஏழரை மீட்டர் நீளமும் 20 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. இரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது உருவாக்கப்பட்டது என்பர். வார்ப்பட அச்சில் உருக்கி ஊற்றிச் செய்யப்பட்டதன்று அது. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழல்போல் அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கிய கொல்லு வேலை. உலகில் அடித்துச் செய்யப்பட்ட இரும்புப் பீரங்கிகளுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக அதனை உலோகவியல் அறிஞர்கள் மதிக்கின்றனர். நானூறு ஆண்டு மழையும் வெயிலும் அதனை அரித்துவிடவில்லை.

இப்பீரங்கியைக் காண்பவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. காவிரிப் படுகை நெல் விளையும் வண்டல் நிலம். இங்கே இரும்புக் கனிமம் இல்லை, மலை இல்லை, பெருங்காடும் இல்லை. அவ்வாறாயின் இத்துணை இரும்பு எங்கிருந்து வந்தது? ஏர்க்கொழுவுக்கும் கருக்கரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் வண்டிச் சக்கரத்தின் பட்டைக்கும் ஊர்தோறும் தேவைப்பட்ட இரும்பு எவர் கையால் உருகியது? விடை தேடிப் புறப்பட்டால், காவிரியை எதிர்த்து மேற்கே சேலத்து மலைகளுக்கும், காவிரியோடு கிழக்கே சென்று கடற்கரைப் பரங்கிப்பேட்டைக்கும் செல்ல வேண்டியுள்ளது. அந்தப் பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டு எழுந்து, அரை நூற்றாண்டு நிறைவதற்குள் அணைந்துபோன ஓர் உலையின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

கொல்லன் வீட்டு உலை

தமிழகத்தில் இரும்பின் தொன்மை பற்றிய செய்திகள் அண்மைக் காலத்தில் வியக்கத்தக்க அளவில் விரிந்துள்ளன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை, அதனினும் பழைய காலக் கணிப்புகளுடன் 2025ஆம் ஆண்டு சனவரியில் பேசப்பட்டது. இவற்றிற்கெல்லாம் முன்பே, 1980களில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் காவிரியின் கிளையாறான நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில் அகழாய்வு நடத்தி, இரும்பு உருக்கிய உலைகளின் சுவடுகளைக் கண்டனர். ஆகவே காவிரி, நெல்லை மட்டுமன்றி இரும்பையும் அறிந்த ஆறு. அதன் மேற்பகுதி உலைகளின் நாடு. கீழ்ப்பகுதி வயல்களின் நாடு. மேற்பகுதி தந்த இரும்பைக் கீழ்ப்பகுதி கொழுவாக்கி உழுதது.

அவ்வுலைகள் எவையும் ஆலைகள் அல்ல, குடும்பங்கள். சேலத்துக் கஞ்சமலை முதலிய குன்றுகளில் கிடைக்கும் காந்தக் கல்லில் பாதியளவு படிகக்கல் கலந்திருக்கும். அதனை இடித்துப் பொடியாக்கி, நீரில் அரித்தோ முறத்தில் புடைத்தோ இரும்புப் பொடியைப் பிரித்தெடுத்தனர். நெல்லைப் புடைக்கும் அதே முறம், அதே கையசைவு. மூன்று முதல் ஐந்து அடி உயரத்தில், அடி பருத்து முடி சிறுத்து, முழுவதும் மண்ணால் ஆன உலையை இரண்டு ஆட்கள் சில மணி நேரத்தில் கட்டிவிடுவர். மறுநாள் அது வேலைக்கு ஆயத்தமாகிவிடும். ஆட்டுத்தோல் துருத்திகள் இரண்டு. ஒன்று மூச்சு வாங்க மற்றொன்று மூச்சு விடும், காற்று இடையறாது. மூங்கிற் குழாயின் நுனியில் சுட்ட மண்குழல். மரக்கரியும் கனிமப் பொடியும் மாறிமாறி இட்டு, மூன்று நான்கு மணி நேரம் ஊதியபின் முன்சுவரை உடைத்துச் செந்தழற் கட்டியைக் குறடால் பற்றி வெளியே இழுப்பர். அக்கட்டியை அடித்துக் கசடு நீக்கினால் இரும்பு.

இரும்பை எஃகாக்கும் முறை இதனினும் நுட்பமானது. செம்மண்ணோடு கருக்கிய நெல்லுமியை மிகுதியாகக் கலந்து செய்த சிறு மூசைகளில் இரும்புத் துண்டுகளை இட்டு, அவற்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சிறிதாக நறுக்கிச் சேர்த்து, ஓரிரு பச்சை எருக்கிலைகளால் மூடி, வாயை மண்ணால் அடைப்பர். இருபது, இருபத்து நான்கு மூசைகளை வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் எஃகு வில்லை கிடக்கும். வயலின் உமியும் தரிசின் ஆவாரையும் வேலியோர எருக்கும் ஒன்றுகூடிப் பிறப்பித்த எஃகு அது. மேலை நாட்டார் இதனை ‘ஊட்ஸ்’ என்றனர். கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் ‘உக்கு’ என்ற சொல்லின் திரிபு அது என்றும், தமிழின் ‘உருக்கு’ அதனோடு உறவுடையது என்றும் மொழியறிஞர் கருதுவர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் வேத்தியல் கழகத்தில் இவ்வெஃகைப் பற்றி ஆய்வுரை அளித்தார். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பாரோடு சேர்ந்து இதன் இயல்பை ஆராய்ந்தார். பின்னாளில் மின்னியலின் தந்தையெனப் போற்றப்பட்டவர், அதற்கு முன்னர் நம் ஊர்க் கொல்லனின் மாணவராக இருந்தார் எனலாம்.

இவ்வறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. தந்தை ஊதும்போது மகன் கரி அள்ளினான். மகன் ஊதும் பருவம் வந்தபோது தழலின் நிறத்தைக் கண்ணால் அளக்கத் தெரிந்திருந்தான். காவிரிப் படுகையின் ஊர்களில் கொல்லர் குடும்பத்துக்குக் கூலி பணமாக இல்லை. அறுவடைக் களத்தில் நெற்குவியலிலிருந்து முன்னதாக அளந்து கொடுக்கப்பட்ட பங்கு அவர்களுடையது. அப்பங்கிற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களைக் கூறும் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் ‘கம்மாணசேரி’ இடம்பெறுகிறது. ஊர் என்றால் உலைக்களம் உண்டு என்பது அன்றைய வழக்கு.

ஒரு பள்ளத்தாக்கும் ஒரு குடும்பமும்

ஏறக்குறைய இக்காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு குடும்பம் வேறொரு வகையில் இரும்பை வளர்த்துக்கொண்டிருந்தது. செவர்ன் ஆற்றங்கரையிலுள்ள கோல்புரூக்டேல் பள்ளத்தாக்கில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1709இல் மரக்கரிக்கு மாற்றாகக் கற்கரியைக் கொண்டு இரும்பு உருக்கினார். நிலக்கரியைச் சுட்டு அதன் கேடுகளை நீக்கினால் கற்கரி. காடு அழியாமல் இரும்பு பெருகும் வழி இதனால் திறந்தது. அவர் 1717இல் மறைந்தபோது மகன் ஆறு வயதுச் சிறுவன். உறவினர் தொழிலைக் காத்து நின்றனர்; மகன் வளர்ந்து பொறுப்பேற்றார். பேரனான மூன்றாம் ஆபிரகாம் டார்பி பதினெட்டு வயதில் ஆலையை ஏற்று, 1779இல் செவர்ன் ஆற்றின்மேல் உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலத்தை எழுப்பினார். அப்பாலத்தின் கடன் அவரை வாழ்நாளெல்லாம் தொடர்ந்தது; 1789இல், நாற்பது வயது நிறையுமுன் அவர் மறைந்தார். ஆயினும் உலை அணையவில்லை. ஆலை பல கைகள் மாறி, கோல்புரூக்டேல் வார்ப்படச் சாலை 2017ஆம் ஆண்டுவரை இயங்கிற்று.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. அப்பள்ளத்தாக்கில் கனிமமும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் ஆறும் ஓரிடத்தே கூடியிருந்தன. அவற்றோடு நான்காவது தலைமுறையும் வரும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. ஒருவர் கண்ட தோல்வி அடுத்தவருக்குப் பாடமாக எஞ்சிற்று. நம் கொல்லர் குடும்பங்களிலும் இத்தொடர்ச்சி இருந்தது. பொருள்வளமும் எரிபொருள் மாற்றமும் இல்லை. பரங்கிப்பேட்டையிலோ பொருள்வளம் இருந்தது, தொடர்ச்சி இல்லை. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு மேலே செல்வோம்.

ஹீத் என்னும் மனிதர்

ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை ஆட்சிப்பணியில் இருந்தவர்; சேலத்தில் கும்பினியின் வணிகப் பொறுப்பை ஏற்றிருந்தார். அங்கே கொல்லர் உலைகளைக் கண்டார். பிற அலுவலர் புகைமண்டிய குடிசையைக் கண்டு நகர்ந்த இடத்தில், ஹீத் நின்று பார்த்தார். உயர்ந்த கனிமம் மலைமலையாகக் கிடப்பதையும், அதிலிருந்து கொல்லர் பெறும் இரும்பு அளவிற் சிறிதாயினும் தரத்தில் சிறந்திருப்பதையும் உணர்ந்தார். இக்கனிமத்தை ஐரோப்பிய ஊதுலையில் உருக்கினால் ஸ்வீடன் நாட்டு இரும்புக்கு நிகரான இரும்பை இங்கிலாந்துக்கு விற்கலாம் என்று கணக்கிட்டார். ஷெஃபீல்டு நகரத்து எஃகுத் தொழில் அன்று ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்தது.

1825இல் ஹீத் கும்பினிப் பணியை விட்டு, இரும்புத் தொழிலைக் கற்க இங்கிலாந்து சென்றார். சென்னை அரசு அவருக்கு முன்பணம் தந்தது. ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையைச் சென்னை மாகாணம் முழுவதற்கும் வழங்கியது. தரிசு நிலங்களில் விறகு வெட்டிக் கரிசுடும் உரிமையும் கிடைத்தது. 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆலை எழுந்தது. 1833இல் அது பரங்கிப்பேட்டை எஃகு இரும்பு நிறுவனம் என்ற பெயரில் விரிந்தது. மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை அமைந்தது.

ஏன் பரங்கிப்பேட்டை? வெள்ளாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த பழந்துறைமுகம் அது. மகமூது பந்தர் என்றும், போர்த்துகீசியர் வைத்த போர்ட்டோ நோவோ என்றும் பெயர்கள் பெற்றது. 1781 சூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் அங்கே மோதின. அதற்கு ஐம்பதாண்டுகளுக்குள் அதே ஊரில் உலை மூட்டப்பட்டது. செய்யும் இரும்பைக் கப்பலேற்றத் துறைமுகம் வேண்டும் என்பதே முதற்காரணம். ஆனால் கனிமமோ ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மேற்கே, சேலத்தில் கிடந்தது.

பரிசலில் வந்த மலை

அந்த இடைவெளியைக் காவிரிதான் இணைத்தது. கனிமம் பரிசல்களில் ஏற்றப்பட்டுக் காவிரி வழியே இறங்கியது, கொள்ளிடத்தில் திரும்பியது, கொள்ளிடத்தையும் வெள்ளாற்றையும் இணைக்கும் கான் சாகிப் கால்வாய் வழியே பரங்கிப்பேட்டையை அடைந்தது. மூங்கிலைப் பின்னித் தோல் போர்த்த வட்டக் கூடை, மலையைத் துண்டு துண்டாகச் சுமந்து கடற்கரையில் இறக்கிற்று. நெல்லுக்கும் வைக்கோலுக்கும் வழிவிட்ட ஆறு, இங்கிலாந்தின் எஃகுக்கும் வழிவிட்டது.

மேட்டூர் அணை எழுந்தது 1934இல். அதற்கு முன்னர்க் காவிரி தன் விருப்பப்படி ஓடிய ஆறு. ஆடியில் நுங்கும் நுரையுமாக வரும். கோடையில் மணல் தெரியும். பரிசல் ஓடும் மாதங்கள் சிலவே. எனவே ஆண்டு முழுவதும் எரிய வேண்டிய உலை, ஆண்டில் ஒரு பகுதியே வரும் கனிமத்தைச் சேமித்து வைத்து எரிய வேண்டியிருந்தது. இதே ஆண்டுகளில்தான் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டினார்; இரண்டும் 1836ஐ ஒட்டி நிறைவுற்றன. தஞ்சை வயல்களின் வாழ்வு அவ்வணைகளால் உறுதிப்பட்டது. நீரை வயலுக்குத் திருப்பும் திட்டமும், நீரைப் பாதையாகக் கொண்ட திட்டமும் ஒரே ஆற்றின்மேல் ஒரே காலத்தில் நடந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. முன்னது நிலைத்தது, பின்னது நிலைக்கவில்லை.

கனிமத்தினும் பெரிய இடர் எரிபொருள். பரங்கிப்பேட்டை ஊதுலை மரக்கரியால் எரிந்தது. ஒரு டன் இரும்புக்கு மூன்று டன்னுக்கு மேற்பட்ட கரி செலவாயிற்று. ஒரு டன் கரிக்கு அதனைப்போல் பன்மடங்கு விறகு வேண்டும். சுற்றுவட்டாரத்துச் சிறுகாடுகள் எத்தனை நாள் தாங்கும்? வெட்டிய இடம் வெறுமையாக, வெட்டும் இடம் தொலைவாயிற்று. தொலைவு கூடக் கூட வண்டிக்கூலி ஏறிற்று. கோல்புரூக்டேல் 1709இலேயே கைவிட்ட எரிபொருளை நம்பி, நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆலை தொடங்கியது. கொல்லனின் சிற்றுலையும் மரக்கரியையே நம்பியது. ஆனால் அது கரி இருக்கும் இடத்துக்குத் தானே நகர்ந்துவிடும். இரண்டாள் ஒரு நாளில் கட்டும் உலைக்கு அது எளிது. கற்கட்டடத்தில் நிலைநாட்டிய ஊதுலை நகராது. காடுதான் அதை நோக்கி வர வேண்டும்.

பாலத்தில் கலந்த இரும்பு

இத்துணை இடர்களுக்கிடையிலும் பரங்கிப்பேட்டை இரும்பின் தரம் உயர்ந்திருந்தது. வார்ப்பிரும்புப் பாளங்கள் கப்பலேறி ஷெஃபீல்டு சென்றன. வேல்சு நாட்டில் மெனாய் நீரிணையைக் கடக்கும் பாலங்களில் இவ்விரும்பு பெருமளவில் பயன்பட்டதென ஆங்கிலேயர் காலத்து விவரச்சுவடிகள் குறிக்கின்றன. இச்செய்தியைப் பெருமிதத்தோடு எடுத்தாள்வோர் பலர். எனினும் ஒரு திருத்தம் இன்றியமையாதது. மெனாய் நீரிணையில் பாலங்கள் இரண்டு. டெல்ஃபோர்டு கட்டிய தொங்கு பாலம் 1826இல் திறக்கப்பட்டது. பரங்கிப்பேட்டை உலை மூட்டப்பட்டதோ 1830இல். ஆகவே அப்பாலத்தில் நம் இரும்பு புகுந்திருக்க இயலாது. ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டி 1850இல் திறந்த பிரிட்டானியா குழாய்ப் பாலத்துக்கே இக்கூற்றுப் பொருந்தும். பெருமையை ஒன்றாகக் குறைத்துக்கொள்வதால் அது சிறுத்துவிடாது, நிலைபெறும்.

அப்பாலத்தின் இரும்புக் குழாய்களும் இன்று அங்கே இல்லை. 1970 மே மாதத்தில் நேர்ந்த தீயில் அவை உருக்குலைந்தன. பின்னர் அகற்றப்பட்டு, பாலம் புதிய வளைவுகளின்மேல் எழுந்தது. பழைய குழாயின் ஒரு துண்டு மட்டும் நினைவாக அருகே வைக்கப்பட்டுள்ளது. தீயிற் பிறந்தது தீயிலே முடிந்தது.

ஒரு சொல்லால் தோற்ற வழக்கு

ஹீத், 1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்து சென்று ஷெஃபீல்டில் தங்கினார். இந்திய இரும்பும் எஃகும் குறித்து அவர் வேத்தியல் ஆசியக் கழகத்துக்கு எழுதிய கட்டுரை 1839இல் வெளிவந்தது. மூசை, உமி, ஆவாரை, எருக்கிலை என மேலே சொல்லப்பட்ட செய்முறையை உலகம் விரிவாக அறிந்தது அதனால்தான். எகிப்தியரின் கடுங்கற் சிற்பங்கள் இந்திய எஃகால் செதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் அதில் வாதிட்டார். அக்கருத்தை இன்று எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் மற்றொரு கூற்று கூர்ந்து நோக்கத்தக்கது. இங்கிலாந்தில் மூசையில் எஃகு உருக்கும் முறையை ஹண்ட்ஸ்மன் கண்டது 1740களில். இரும்பைக் கரிவாயுவால் எஃகாக்கும் முறைக்கு மக்கிண்டாஷ் காப்புரிமை பெற்றது 1825இல். இவ்விரண்டு நெறிகளும், மூடிய மூசைக்குள் பச்சை இலையை இட்ட கொல்லனின் செயலில் முன்பே அடங்கியுள்ளன என ஹீத் வியந்தார். தாம் ஆளவந்த மக்களின் அறிவைத் தம் நாட்டார் முன்னிலையில் மறைக்காமல் சொன்ன நேர்மை அவருடையது.

அதே 1839 ஏப்ரலில், எஃகு உருக்கும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளொன்றைச் சிறிது கலக்கும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். மட்டமான ஆங்கில இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைத்தது, எஃகின் விலை வீழ்ந்தது, ஷெஃபீல்டு செழித்தது. ஆனால் ஹீத்துக்கு முகவராயிருந்த அன்வின் என்பவர், அப்பொருளை முன்னதாகச் செய்து சேர்ப்பதற்கு மாறாக, மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் இட்டாலும் அதே பயன் விளையும் என்று கண்டார். ‘காப்புரிமையில் கூறப்பட்டது இதுவன்று’ என்பது அவர் வாதம். மூசைக்குள் இரண்டும் சேர்ந்து அதே பொருளாகின்றன என்பது ஹீத்தின் வாதம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1851இல் ஹீத் மறைந்தார். 1855இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை அன்வின் பக்கமே தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் பெசமர் எஃகு முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அம்முறை வெற்றிபெறவும் மாங்கனீசே துணை நின்றது.

ஒரு நகரத்தைச் செல்வமாக்கியவர் அச்செல்வத்தில் பங்கின்றி மறைந்தார் என்று ஹீத்துக்காக இரங்குவோர் உண்டு. இரங்கத்தக்கதே. அவ்விரக்கத்தோடு இன்னொன்றையும் எண்ண வேண்டும். ஹீத்திடம் ஆவணம் இருந்தது. அதன் சொற்கள் போதாமையால் தோற்றார். சேலத்தில் அவருக்கு மூசையைத் திறந்து காட்டிய கொல்லனிடம் சொல் எழுதிய ஏடே இல்லை. அவன் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. தோற்பதற்கும் ஒரு வழக்கு வேண்டும். அது அவனுக்கு வாய்க்கவில்லை.

அணைந்த உலை

ஹீத்துக்குப் பின் பரங்கிப்பேட்டையைத் தம் மரபாகக் கருதி ஏற்பார் எவரும் இல்லை. ஆலை நட்டத்திலேயே நடந்தது. 1853இல் கிழக்கிந்திய இரும்பு நிறுவனம் என்ற பெயரில் புதிய பங்காளிகள் கூடி, பெருமுதலிட்டுத் திருவண்ணாமலையிலும் காவிரிக் கரையிலும் புதிய உலைகளை எழுப்பினர். கனிமத்துக்கு அருகே செல்லும் அம்முயற்சி, முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஆனால் கரிப்பஞ்சம் அங்கும் தொடர்ந்தது. 1860களின் பிற்பகுதியில் பரங்கிப்பேட்டை உலையும் பேப்பூர் உலையும் அணைந்தன. 1874இல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

அணைந்தது அந்த ஒரு புகைபோக்கி மட்டுமன்று. இருப்புப்பாதை நாட்டுக்குள் நீள நீள, கற்கரியில் உருகிய ஆங்கில இரும்பு மலிவாக வந்திறங்கியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் வேலிக்குள் கொண்டுவந்தது. கரிசுடும் குடிகளுக்குக் காட்டின் வாயில் அடைபட்டது. மலையடிவாரத்துச் சிற்றுலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குளிர்ந்தன. தஞ்சைக் கொல்லன் சேலத்து இரும்பை விட்டுக் கப்பலில் வந்த பட்டை இரும்பை அடிக்கத் தொடங்கினான். உருக்குவோர் மறைந்து, அடிப்போர் மட்டும் எஞ்சினர்.

இவ்வரலாற்றை இருவகையாகச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. ‘வெள்ளையன் நம் தொழிலைத் திட்டமிட்டு அழித்தான்’ என்பது ஒன்று. ‘வெள்ளையன் தொழிலைக் கொணர்ந்தான், நம்மால் ஏற்க இயலவில்லை’ என்பது மற்றொன்று. பரங்கிப்பேட்டை இரண்டுக்கும் அடங்குவதில்லை. அரசு முன்பணம் தந்தது, தனியுரிமை தந்தது, கனிமம் இருந்தது, இரும்பும் தரமாக அமைந்தது. இருந்தும் தோற்றது. எரிபொருள் கணக்குப் பிழைத்தது முதற்காரணம். கனிமத்துக்கும் உலைக்கும் இடையே ஓர் ஆற்றின் நீளத்தை வைத்தது இரண்டாவது. மூன்றாவது காரணம் அத்துணை வெளிப்படையானதன்று. தலைமுறை தலைமுறையாக இரும்பை அறிந்த குடும்பங்கள் அந்த ஆலையில் பங்காளிகளாக ஆகவில்லை. அவர்களுடைய அறிவு கட்டுரைக்குப் பயன்பட்டது, தொழிலுக்குப் பயன்படவில்லை. கோல்புரூக்டேலில் ஆலையும் குடும்பமும் ஒன்றாயிருந்தன. இங்கே குடும்பங்கள் மலையடியிலும் ஆலை கடற்கரையிலும் நின்றன. இரண்டுக்கும் இடையே காவிரி ஓடிற்று.

எஞ்சிய தழல்

இப்பாகுபாட்டுக்கு மறுதலையாகக் காவிரிக் கரையிலேயே ஒரு சான்று உண்டு. சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதி குடும்பங்கள் இன்றும் உலை மூட்டுகின்றன. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைத்து, காவிரியின் வண்டலைக் குழைத்து அதன்மேல் பூசி, சூட்டில் மெழுகை வடித்து, உலோகத்தை ஊற்றுகின்றனர். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் குடும்பங்களும் அவ்வாறே. இவ்விரு கைவண்ணங்களும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. பெருமுதலும் தனியுரிமையும் இன்றி இவ்வுலைகள் நிலைத்ததற்குக் காரணம், செய்பவனும் அறிபவனும் உடையவனும் ஒருவனாகவே இருந்தமை. இரும்புக்கு வாய்க்காதது செம்புக்கும் பித்தளைக்கும் வாய்த்தது.

சேலத்தில் உருக்காலை வேண்டும் என்ற தமிழகத்தின் நெடுநாள் வேட்கை 1970இல் அடிக்கல்லாகவும் 1981இல் ஆலையாகவும் உருப்பெற்றது. அது துருவேறா எஃகுத் தகடு உருட்டும் ஆலையாகவே தொடங்கியது. கஞ்சமலைக் கனிமத்தை உருக்கும் ஆலையாக அன்று. மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

காவிரிப் படுகையின் ஊர்களில் கொல்லுப் பட்டறைகள் அருகிவிட்டன. ஏருக்கு மாற்றாக டிராக்டரும், அரிவாளுக்கு மாற்றாக அறுவடை எந்திரமும் வந்துவிட்ட களத்தில் கொல்லனின் சுதந்திரத்தை அளப்பார் இல்லை. அவனோடு அவன் சொற்களும் நீங்குகின்றன. உலை, துருத்தி, மூசை, குறடு, சம்மட்டி, பட்டடை, கசடு, பதம், துவைச்சல் என்பன அகராதியில் இருக்கும். எந்த நிறத்தில் எந்தப் பதம் என்பதைக் குறிக்க ஒவ்வொரு பட்டறையிலும் வழங்கிய சொற்கள் அகராதியில் இல்லை. சங்கப் புலவர்களுக்கு ‘எஃகு’ என்பது வேலையும் கூர்மையையும் ஒருங்கே குறித்த உயிருள்ள சொல். கொல்லன் உலையருகே நின்று பார்த்தவர்கள் ஆதலின் அவர்தம் உவமைகளில் அனல் இருந்தது.

கவிஞர்கள் கூடிப் பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்திற்கு இவ்வரலாறு விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஹீத் ஒரு கொல்லனின் உலையருகே நின்று கேட்டு எழுதியதால் ஆவாரையும் எருக்கும் உலக ஏட்டில் ஏறின. கேட்கத் தவறியது அக்கொல்லனின் பெயரை மட்டுமே. இன்னும் தழல் மாறாத பட்டறைகள் கும்பகோணத்துப் பக்கமும் மன்னார்குடிப் பக்கமும் சில இருக்கலாம். அங்கே சென்று சொற்களைக் கேட்டு எழுதுவோர், பெயரையும் கேட்டு எழுதுவாராக.